வடிகட்டி எடுத்த நூறு சதவீதம்

டிப்போவில் அவளுக்கு ஹாரன் அக்கா என்று பெயர். ஆனால் பஸ்ஸில் ஹாரன் அடிப்பதில் அவளைப் போலக் கஞ்சம் யாரும் கிடையாது. பெயர் வந்தது தொண்டையால். டிப்போவின் ஒரு கோடியில் நின்று, "அண்ணே, என் வண்டிக்குக் காத்தடிச்சாச்சா?" என்று அவள் கேட்டால், மறு கோடியில் சக்கரம் கழற்றிக்கொண்டிருப்பவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்வார்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் கதையே வேறு. வாயே திறக்க மாட்டாள். நிறுத்தத்தைத் தாண்டிய பிறகு கதவைத் தட்டுகிறவர், குறுக்கே பாய்கிற சைக்கிள், போனில் பேசிக்கொண்டே நடுச்சாலையில் உலா போகிற மகாராஜா, எல்லாரையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வாள். இத்தனை உயிரை முதுகில் வைத்துக்கொண்டு கோபப்பட முடியுமா என்பாள். பொறுத்த கோபமெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவளுக்கே தெரியாது, மகள் பெரிய வகுப்புக்குப் போகும்வரை.

பஸ் ஓட்டுவது அவளுக்குப் பிடித்த வேலைதான். ஆனால் அவள் தேடிப்போன வேலை அது அல்ல. பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு வருஷத்தில் கணக்கு இரண்டாகப் பிரியும். ஒன்று பொதுக்கணிதம், மற்றது உயர்கணிதம். பொதுக்கணிதம் எடுத்தால் பள்ளியை முடித்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்ஜினியரிங், நில அளவை, கப்பல், விமானம் என்று எந்தப் பெரிய வாசலில் போய் நின்றாலும் முதலில் கேட்பது உயர்கணிதம் உண்டா என்றுதான். அந்த வயதில் இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வகுப்பாசிரியை பெஞ்சு பெஞ்சாக நடந்துவந்து, விரலை நீட்டி, நீ மேலே, நீ கீழே என்று பிரித்துக்கொண்டே போனார். அவளுடைய முறை வந்தபோது அவர் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சட்டைக் காலரில் போட்டிருந்த ஒட்டைப் பார்த்தார். கீழே என்றார்.

பள்ளி முடிந்து, எஞ்சின் படிப்பு படிக்கலாம் என்று தொழில்நுட்பக் கல்லூரி வாசலில் போய் நின்றாள். கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமலே, உயர்கணிதம் இல்லையென்றால் இந்த வரிசை இல்லை என்றார். வேறு எந்த வரிசை என்று கேட்டதற்கு, வெளியே போகிற வரிசை என்று சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். எஞ்சினைப் பிரிக்க விடாவிட்டால் போகட்டும், ஓட்டவாவது செய்வோம் என்று அவள் டிரைவிங் கற்றுக்கொண்டாள். கணவர் சில சமயம் கேட்பதுண்டு, இப்போது நன்றாகத்தானே இருக்கிறோம், பழசை ஏன் கிளறுகிறாய் என்று. வேலை பிடித்துப்போனதால் அன்றைக்கு நடந்தது நியாயம் என்று ஆகிவிடுமா என்று அவள் திருப்பிக் கேட்பாள். அவர் காம்ப்ரசருக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். தெருவில் அவரைக் கூலிங் மாஸ்டர் என்பார்கள். தொழிலுக்கும் பொருந்தும், குணத்துக்கும் பொருந்தும். கீழே கடை, மேலே இரண்டு அறை வீடு. ஒரே மகள். கணக்குப் போடும்போது உதட்டுக்குள்ளேயே ஏதோ சொல்லிக்கொண்டு போடுவாள் என்பதால் வீட்டில் அவள் பெயர் முணுமுணு. அடுப்படியில் அம்மா சமைத்துக்கொண்டிருப்பாள், முன்னறையிலிருந்து ஈ பறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். சத்தம் நின்றால் கணக்கு மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். சத்தம் மறுபடி எழுந்தால் வழி கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

முணுமுணு வகுப்பிலேயே கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. நடுவில் எங்கேயோ இருப்பவள். ஆனால் நில அளவை படிக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். ஒருமுறை அவர்கள் தெருவில் சாலை போட வந்தபோது மூன்றுகால் கருவியை நட்டுவைத்து ஒரு பெண் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து வந்த பிடிவாதம். அதற்காகவே உயர்கணிதம் எடுத்தாள். அவள் அந்தப் புத்தகத்துக்கு அட்டை போட்ட அன்று ஹாரன் அக்கா வேலைக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள்.

கடைசி வருஷத்து அரையாண்டுப் பரீட்சை முடிந்து சில நாள் கழித்துத்தான் வீட்டில் அந்தச் சத்தம் கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. மாட்டிக்கொண்ட கணக்கென்றால் கொஞ்ச நேரத்தில் அவிழ வேண்டும். இது அவிழவே இல்லை. எட்டிப் பார்த்தாள். மகள் முன்னால் விரிந்திருந்தது வேறு புத்தகம். பொதுக்கணிதம். அதைப் போட முணுமுணுக்கவே தேவைப்படவில்லை அவளுக்கு.

அந்தப் புத்தகம் எங்கே என்று கேட்டதற்கு, திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்தாள். பிறகு துண்டு துண்டாகக் கதை வெளியே வந்தது. அரையாண்டில் உயர்கணிதத்தில் மார்க் குறைந்த பத்துப் பன்னிரண்டு பேரைத் துணைத் தலைமையாசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார். இதிலேயே தொடர்ந்தால் பொதுத்தேர்வில் கோட்டைவிடுவீர்கள், பொதுக்கணிதத்துக்குப் போனால் தொண்ணூறு வாங்கலாம், வீட்டில் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்று ஆளுக்கொரு காகிதம் கொடுத்திருக்கிறார். எல்லாரும் வாங்கி வந்து கொடுத்துவிட்டார்கள்.

"நான் எங்கடி கையெழுத்துப் போட்டேன்?" என்றாள் அம்மா.

"அப்பா போட்டாரு."

கூலிங் மாஸ்டருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு ஃபிரிட்ஜுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது மகள் ஒரு தாளை நீட்டினாள். கையெல்லாம் எண்ணெய். சுற்றுலாவுக்கான அனுமதி என்று நினைத்துக் கிறுக்கிக் கொடுத்துவிட்டார். போனால் போகட்டும், பிள்ளைக்குச் சுமை குறைந்ததுதானே என்று சமாதானம் சொல்லப் பார்த்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற மௌனம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவர் மெல்லக் கடைக்கு இறங்கிப் போனார்.

டிப்போவில் யாருக்கு எந்த வண்டி, எந்த நேரம் என்று பிரித்துக் கொடுப்பவரை டூட்டி அண்ணன் என்பார்கள். மறுநாள் அவரிடம் போய்க் காலை வண்டியை மாற்றிக் கேட்டாள். எதற்கு என்று கேட்டார். சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. அவருடைய மகனும் அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவன். கூட வாருங்கள் என்றாள். பள்ளிக்கூடத்தோடு மல்லுக்கு நின்றால் நாளைக்குப் பையனைத்தான் பழிவாங்குவார்கள் என்று அவர் கழன்றுகொண்டார். வண்டியை மட்டும் மாற்றிக் கொடுத்தார்.

துணைத் தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் இஸ்திரி சார். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சிலும் இருக்காது. காக்கி உடுப்போடு வந்து நின்றவளை உட்காரச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் வைத்தார். உங்களைப் போன்ற பெற்றோர் அக்கறை எடுத்து வருவதே பெரிய விஷயம் என்றார். அந்த 'உங்களைப் போன்ற' அவள் காதில் முள்ளாகத் தைத்தது.

அவர் சொன்னதெல்லாம் முணுமுணுவின் நன்மைக்காகத்தான். மார்க் குறைந்தால் பிள்ளை மனசு உடைந்துவிடும். பொதுக்கணிதத்தில் பளிச்சென்று மார்க் வாங்கலாம். பள்ளியும் பெருமைப்படும், வீடும் பெருமைப்படும். அந்தப் பளிச்சென்ற மார்க்கை எடுத்துக்கொண்டு போனால் நில அளவைக்குச் சேர்த்துக்கொள்வார்களா என்று அவள் கேட்டாள். அது கஷ்டம் என்று ஒத்துக்கொண்டார். உடனே, எல்லாரும் நில அளவைக்குப் போய்விட்டால் நாட்டில் மற்ற வேலைகளை யார் பார்ப்பது என்று சொல்லிச் சிரித்தார். கல்லூரிக் கவுண்டரில் அன்று கேட்ட அதே சிரிப்பு. ஆள்தான் வேறு.

அறைக்கு வெளியே, வரவேற்பு மேசைக்கு மேலே, பெரிய பலகை ஒன்று மாட்டியிருந்தது. உயர்கணிதத்தில் தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி. உள்ளே வரும்போது அதைப் படித்துவிட்டு, நல்ல பள்ளிக்கூடம் என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். இப்போது கதவு வழியாக அதைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், வயசானவங்க, கால் முடியாதவங்க யாரையும் ஏத்தாம நான் பஸ்ஸ எடுத்துட்டுப் போறேன்னு வைங்க. அப்புறம் என் வண்டியில இதுவரைக்கும் ஒருத்தர்கூடத் தடுக்கி விழுந்ததில்லன்னு போர்டு மாட்டுனா, அது என் திறமையா சார்?"

இஸ்திரி சாரின் புன்னகை அப்படியே இருந்தது. கண் மட்டும் இறுகியது. பஸ்ஸும் பள்ளிக்கூடமும் ஒன்றல்ல என்றார். கணவர் கையெழுத்துப் போட்டாயிற்று, விஷயம் முடிந்துவிட்டது, பொதுத்தேர்வுக்குப் பெயர் அனுப்பும் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றார். தண்ணீரைத் தொடாமலே எழுந்து வந்தாள்.

அதன்பின் கொஞ்ச நாளில் ஒரு மாலை, அவள் வண்டியில் உயர்கணிதம் எடுக்கிற டீச்சர் ஏறினாள். சின்ன வயது. வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிப் போன பிறகும் டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹாரன் அக்கா எஞ்சினை அணைத்தாள்.

"அக்கா, நான் சொன்னேன்னு வெளியில சொல்லாதீங்க. அரையாண்டுல வந்த கேள்வியில பாதிக்கு மேல நான் வகுப்புல நடத்தவே இல்ல."

டீச்சர் சொன்னது இதுதான். வருஷம் ஆரம்பித்தபோது அந்தப் பள்ளியில் உயர்கணிதத்துக்கு ஆளே இல்லை. முதல் சில மாதம் விளையாட்டு ஆசிரியர் வந்து வகுப்பில் உட்கார்ந்து அமைதி காத்துவிட்டுப் போனார். இவள் வந்து சேர்ந்தபோது பாதிப் பாடம் போய்விட்டது. ஆனால் கேள்வித்தாள் எல்லாப் பள்ளிக்கும் பொது. நடத்தாத பாடத்திலிருந்து கேள்வி வந்தது. வெளியே டியூஷன் போகிற பிள்ளைகள் எழுதிவிட்டார்கள். போகாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். உயர்கணிதத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர்களில் டியூஷன் போகிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. முணுமுணு நடத்தாத பாடத்தில் இரண்டு கணக்கைத் தானாகவே படித்து, அரைகுறையாகவேனும் போட்டிருந்தாள். அதை நான் சார்கிட்ட காட்டினேன் அக்கா என்றாள் டீச்சர். அவர் மொத்தத்தைப் பார் என்றாராம்.

ஹாரன் அக்காவின் காலத்தில் காலரைப் பார்த்துப் பிரித்தார்கள். அதில் ஒரு நேர்மையாவது இருந்தது, பார்க்கிறவருக்குப் புரியும். இப்போது பரீட்சை வைத்து, திருத்தி, மார்க் போட்டு, நீயே பார், உனக்கு வரவில்லை என்று பிள்ளையின் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைத்து அனுப்புகிறார்கள். பார்ப்பது என்னவோ அதே காலரைத்தான்.

நீ ஏன் இதை அங்கே எழுந்து சொல்லவில்லை என்று டீச்சரைக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவள் வேலை நிரந்தரம் ஆகவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. கேட்கவில்லை.

தேர்வு வாரியத்தின் வட்டார அலுவலகம் அவள் ஓட்டுகிற பாதையிலேயே இருந்தது. எத்தனையோ தடவை அதன் முன்னால் பிரேக் போட்டிருக்கிறாள், உள்ளே போனதில்லை. முதல் மேசையில் எதுவாக இருந்தாலும் பள்ளி மூலமாக வா என்றார்கள். பள்ளியைப் பற்றிப் பேச வந்தவள் பள்ளி மூலமாக எப்படி வருவது என்று கேட்டாள். அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது. கடைசி மேசையிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு அம்மா அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை எந்தப் பாடத்திலிருந்தும் பள்ளி எடுக்க முடியாது என்றார். பெயர் அனுப்பும் கடைசி நாள்வரை சம்மதத்தைத் திரும்ப வாங்கவும் செய்யலாம். அப்படியானால் மற்ற பள்ளிகளில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள் ஹாரன் அக்கா.

"எல்லாப் பள்ளியிலும் சம்மதத்தோடதான்மா வருது," என்றார் அந்த அம்மா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வருஷா வருஷம் கட்டுக்கட்டா வருது. ஒருத்தரும் வந்து கேட்டதில்ல," என்றார்.

அதைச் சொன்ன குரலில் வருத்தம் இருந்ததா, சலிப்பு இருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தெரிந்துகொண்டே கட்டுக்கட்டாக வாங்கி அடுக்குகிறவர்கள் மேல்தான் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இத்தனையும் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், எதிர்பார்க்காத இடத்திலிருந்து அடி விழுந்தது. உன்னை மறுபடி உயர்கணிதத்தில் சேர்த்துவிடலாம் என்று சொன்னதும் முணுமுணு வேண்டாம் என்றாள். அம்மா ஏதோ கேட்க வாயெடுத்தாள். மகள் முந்திக்கொண்டாள்.

"எனக்கு வராதும்மா. சார் சொன்னாரு. என்னால ஸ்கூல் பேரு கெட்டுடும்னு சொன்னாரு. அவரு சொன்னது உண்மையா இருந்தா என்னம்மா பண்றது?"

இஸ்திரி சார் தன்னிடம் சொன்ன எதுவும் இவ்வளவு வலிக்கவில்லை ஹாரன் அக்காவுக்கு. பதினாறு வயதுப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு பள்ளிக்கூடத்தின் மானத்தை அவள் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். பிள்ளையும் அதை வாங்கி வைத்துக்கொண்டு, இத்தனை நாளாக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"உண்மையா இருந்தா அத பரீட்சை சொல்லட்டும்டி. அதுக்குத்தான பரீட்சை வைக்கிறாங்க. நீ ஃபெயிலாகிட்டு வா, நான் உன்ன ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஆனா எழுதுறதுக்கு முன்னாடியே உன்ன ஃபெயிலாக்க அவரு யாரு?"

இரண்டு நாள் கழித்து, முணுமுணு பக்கத்துத் தெருத் தோழியிடமிருந்து பழைய உயர்கணிதப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து அலமாரியில் வைத்தாள். திறக்கவில்லை. வைத்தாள், அவ்வளவுதான்.

பெற்றோர் கூட்டம் பள்ளியின் பெரிய அரங்கில் நடந்தது. டூட்டி அண்ணனிடம் மறுபடியும் வண்டி மாற்றிக் கேட்கப் போனபோது அவர் தலையைக் குனிந்துகொண்டே மாற்றிக் கொடுத்தார். ஆனால் அரங்கில் கடைசி வரிசையில் அவரும் வந்து உட்கார்ந்திருந்தார். கூலிங் மாஸ்டர் சட்டை மாற்றிக்கொண்டு மனைவியோடு வந்திருந்தார். மேடையில் தலைமையாசிரியை நடுவில், இஸ்திரி சார் பக்கத்தில். திரையில் போன பொதுத்தேர்வின் தேர்ச்சி விகிதம் ஒவ்வொரு பாடமாக வந்து போனது. உயர்கணிதம் நூறு என்று வந்ததும் கைதட்டல்.

கைதட்டல் அடங்கியதும் ஹாரன் அக்கா எழுந்தாள். மைக் கொண்டுவரட்டுமா என்று யாரோ கேட்டார்கள். தேவைப்படவில்லை.

நூறு பேர் சேர்ந்தால் அந்த நூறு பேரும் எழுதினார்களா என்று முதலில் கேட்டாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். முதல் மாதங்களில் வகுப்பில் பாடம் நடத்த ஆள் இல்லாதது. நடத்தாத பாடத்தில் பரீட்சை வைத்தது. டியூஷன் போகாத பிள்ளைகளாகப் பார்த்து வெளியே அனுப்பியது. மேடைக்கு ஓரமாக உட்கார்ந்திருந்த டீச்சர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஆள் இல்லாதது எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தானே.

இஸ்திரி சார் எழுந்து, இது தனிப்பட்ட பிரச்சினை, அறைக்கு வாருங்கள் பேசலாம் என்று பூசி மெழுகப் பார்த்தார்.

"அறையில பேசியாச்சு சார்," என்றாள். "என் பொண்ணு முதல் மார்க் வாங்கணும்னு நான் கேக்கல. அவ உக்காந்து படிக்கணும்னு கேக்குறேன். சுமாரா படிக்கிற பிள்ளைக்கும் கஷ்டமான பாடத்தைப் படிக்க உரிமை இருக்கா இல்லையா? இல்லன்னா அதையும் அந்தப் போர்டுலயே எழுதி மாட்டிடுங்க, நாங்க இந்தப் பக்கமே வரல."

பக்கத்து வரிசையில் ஒருவர், இப்படிக் கத்தினால் பிள்ளை படித்துவிடுமா என்று முனகினார். இன்னொருவர், இவர்களால் மற்றவர்கள் தரமும் கெடும் என்றார். அவள் காது இரண்டையும் வாங்கிக்கொண்டது. முகம் சிவந்தது. அந்த நேரத்தில்தான் அவள் பக்கத்திலிருந்து கூலிங் மாஸ்டர் எழுந்தார். பொதுஇடத்தில் அவர் பேசி அவளே கேட்டதில்லை.

"அது நான் படிக்காம போட்ட கையெழுத்துங்க. தப்பு என்னுது. அத எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க."

சொல்லிவிட்டு உட்காரத் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டூட்டி அண்ணன். என்னுடையதையும் என்றார். அவருக்குப் பின்னால் தையல்கடை அம்மா ஒருவர். அப்புறம் இன்னும் ஒருவர். அவ்வளவுதான். மற்றவர்கள் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தலைமையாசிரியை கெட்டிக்காரர். விரும்புகிறவர்கள் திரும்பி வரலாம், ஆனால் முடிவுக்குப் பள்ளி பொறுப்பல்ல என்று அறிவித்தார். இதுவரை முடிவுக்கு யார் பொறுப்பாக இருந்தார்களாம் என்று ஹாரன் அக்கா கணவரிடம் கேட்டாள். நல்லவேளை, மெதுவாகத்தான் கேட்டாள்.

வெளியே அனுப்பப்பட்டவர்களில் நான்கு பேர்தான் திரும்பினார்கள். மற்றவர்கள் வீட்டுக்கு அவளே நேரில் போனாள். ஒரு வீட்டில் பிள்ளைக்கு இப்போதுதான் தூக்கம் வருகிறது, விட்டுவிடுங்கள் என்றார்கள். ஒரு பெண் வாசலில் வந்து நின்று, எனக்குக் கணக்கு வராது ஆண்ட்டி என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். போன வருஷம் அதே கணக்கில் பரிசு வாங்கிய பெண். அந்தச் சிரிப்பை ஹாரன் அக்காவால் தாங்க முடியவில்லை.

திரும்பிப் போன நால்வரையும் கடைசி பெஞ்சில் போட்டார்கள். இஸ்திரி சார் நடைபாதையில் எதிரே வந்தால் பார்க்காத மாதிரி போனார். டீச்சர் மட்டும் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் வந்து, விட்டுப்போன பாடங்களை அவர்களுக்கு நடத்தினாள். அதை ஏன் செய்கிறாய் என்று மேலே கேட்டார்களாம். சம்பளம் வாங்குகிறேனே என்றாளாம். முணுமுணு வந்து சொன்னபோது, இந்தப் பெண்ணைப் பற்றி அவசரப்பட்டு ஒன்றும் பேசாமல் இருந்தது நல்லதாயிற்று என்று ஹாரன் அக்கா நினைத்துக்கொண்டாள். வீட்டில் அந்த முணுமுணுப்பும் திரும்பி வந்தது. முன்பைவிட இடைவெளி அதிகம். ஆனாலும் வந்தது.

பொதுத்தேர்வு முடிவு வந்த அன்று அவள் வண்டியில் இருந்தாள். கடைசி நிறுத்தத்தில் போனைப் பார்த்தாள். முணுமுணு தேறியிருந்தாள். ஊர் கூட்டிச் சொல்கிற மார்க் இல்லை. கீழேயிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடும். நில அளவைப் படிப்புக்குக் கேட்கிற தகுதியைத் தொட்டுக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். ஹாரன் அக்கா காலி வண்டியில் உட்கார்ந்து, யாருமில்லாத சாலையைப் பார்த்து ஒரு நீண்ட ஹாரன் அடித்தாள்.

நால்வரில் மூன்று பேர் தேறினார்கள். தேறாதது டூட்டி அண்ணன் மகன். அவர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கடினமான பாதைகளாகப் பார்த்து அவளுக்குப் போட்டார். உன் பேச்சைக் கேட்டு என் பையன் நாசமாய்ப் போனான் என்று டீக்கடையில் சொன்னதாக அவள் காதுக்கு வந்தது. அவள் சண்டைக்குப் போகவில்லை. போட்ட பாதையை ஓட்டினாள். இது அவள் எதிர்பார்க்காதது. ராத்தூக்கத்தைக் கெடுத்தது. அவனைக் கிளப்பிவிட்டது சரிதானா என்று தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டாள்.

மழைக்காலம் வந்தபோது அந்தப் பையனே ஒருநாள் அவள் வண்டியில் ஏறினான். மறுதேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு வருவதாகச் சொன்னான். அப்பா திட்டவில்லையா என்று கேட்டாள்.

"திட்டுனாரு அத்தை. எழுதாம விட்டிருந்தா வராதுன்னே நெனச்சிருப்பேன். இப்ப எதுல விட்டேன்னு தெரியுதுல்ல," என்றான்.

அவன் இறங்கிப் போன பிறகும் அவளுக்கு முழுசாக ஆறுதல் வரவில்லை. பாதி வருஷப் பாடத்தை யாரோ தின்றுவிட்டு, அதற்கான விலையை இந்தப் பையன் இன்னொரு வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறான். பாடம் நடத்த ஆள் போடாதவர்கள் யாரும் மறுதேர்வு எழுதவில்லை.

நூறு உடைந்ததும் பள்ளியில் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டார்கள் என்று, சான்றிதழ் வாங்கப் போன முணுமுணு வந்து சொன்னாள். வீட்டில் கொஞ்சம் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அடுத்த வருஷம் பள்ளி திறந்ததும் புது ஏற்பாடு வந்துவிட்டது. இனிமேல் உயர்கணிதத்தில் சேருவதற்கு முன்பே நுழைவுப் பரீட்சை. அதில் தேறினால்தான் புத்தகமே கையில் கிடைக்கும். சேராத பிள்ளையை வெளியே அனுப்ப வேண்டியதில்லை, யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியதும் இல்லை. செய்தியைக் கேட்டதும் கூலிங் மாஸ்டரே கையிலிருந்த திருப்புளியை மேசையில் ஓங்கி வைத்தார்.

முணுமுணு அதற்குள் நில அளவைப் படிப்பில் சேர்ந்திருந்தாள். வெயிலில் கறுத்துப்போய், காலில் சேறோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். பழைய பள்ளியைப் பற்றி இனிமேல் எதற்கு என்று யாராவது கேட்டால் கேட்கலாம். யாரும் கேட்கவில்லை.

ஒரு மாலை, கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஹாரன் அக்கா கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனைத் துப்புரவு உடுப்போடு ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். நீங்கள்தானே கூட்டத்தில் பேசியது என்று கேட்டாள். தன் மகளை நுழைவுப் பரீட்சையில் தள்ளிவிட்டார்கள் என்றாள். கேள்வித்தாளைக் காட்டச் சொன்னால் காட்ட மாட்டேன் என்கிறார்களாம். பிள்ளை ரெண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம்.

"உக்காருங்க," என்று பயணிகள் இருக்கையைக் காட்டினாள் ஹாரன் அக்கா. துணியை உதறிக் கம்பியில் போட்டாள். "உங்க பொண்ணு போன வருஷம் படிச்ச பாடத்துலருந்துதான் கேள்வி வந்துச்சா? மொதல்ல அதச் சொல்லுங்க."